ஷட்டருக்கு ஒரு பாடு

நாலு தேசத்துக்காரர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசப் போன பஸ்ஸில், ஜமுனா ஒருத்தி மட்டும் புருஷனைப் பார்க்கப் போனாள். அந்த விஷயம் எனக்குத் தெரியும். மற்றவர்கள் அவளை ஏரிப் பெண்களின் பிரதிநிதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை ஒன்றை அவளுக்கும் கொடுத்திருந்தார்கள். அதை அவள் புடவைத் தலைப்பில் குத்தி, எங்கே தொலைந்துவிடுமோ என்று உள்ளே மடித்துச் செருகியிருந்தாள். ஆகையால் அவள் யாருடைய பிரதிநிதி என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

நான் போனது மொழிபெயர்க்க. பழவேற்காட்டில் இறாலும் நண்டும் வாங்கி விற்பது எங்கள் குடும்பத் தொழில். தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் சரக்கெடுத்து, பேரம் பேசிப் பேசியே தெலுங்கு வந்துவிட்டது. "உங்க தெலுங்குல வெறும் நம்பரும் வசவும்தான் இருக்கு" என்று ஒரு நெல்லூர் வியாபாரி சொன்னதுண்டு. தண்ணீர்ப் பேச்சுவார்த்தைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கூட்டத்தை ஏற்பாடு செய்தது பொன்னேரியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் ரோஸ்மேரி. நேபாளம், வங்கதேசம், இலங்கை, நம் நாடு என்று நாலு இடத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரே ஆற்றுக்கு மேலே இருக்கிறவர்களும் கீழே இருக்கிறவர்களும் எப்படிச் சேர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொள்வது என்பது விஷயம். பழவேற்காடு ஏரிக்கு வந்து சேரும் ஆறு ஆந்திராவில் பிறக்கிறது. அங்கே ஓர் அணை. இங்கே நாங்கள். இடையில் ஒரு மாநில எல்லை, இரண்டு மொழி, எக்கச்சக்கமான கோபம். தேசம் தேசமாகச் சண்டை போடுகிறவர்களுக்கு இது சின்ன அளவில் செய்து காட்டிய மாதிரி இருந்திருக்க வேண்டும்.

ஜமுனாவைக் கூப்பிட ரோஸ்மேரி வந்தது ஆவணிக் கடைசியில், ஒரு காலை நேரம். நானும் சரக்குக்காகக் கரையில் நின்றிருந்தேன். ஏரி சுருங்கி உள்ளே போயிருந்தது. முகத்துவாரம் பங்குனியிலேயே மணல் மூடித் தூர்ந்துவிட்டது. கடலும் உள்ளே வராமல் ஆறும் வந்து சேராமல், வெயில் மட்டும் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கரித்தது. ஜமுனா இடுப்பளவில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி நகர்ந்துகொண்டிருந்தாள். வாயில் பறி.

பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. இறால் தடவுகிறவர்களுக்கு இரண்டு கையும் சேற்றில் வேலையாக இருப்பதால் அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். கையில் சிக்கிய இறாலை அப்படியே மேலே தூக்கிப் போட்டால் விழும். ஒரே குறை, வேலை முடியும்வரை பேச முடியாது. ஜமுனாவும் அவள் புருஷன் தங்கவேலும் பதினாறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் தடவினவர்கள். சண்டையே போடாத ஜோடி என்று பேர் வாங்கினார்கள். வாயில் பறியோடு எப்படிச் சண்டை போடுவது?

ரோஸ்மேரி கரையிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா! ஆத்துத் தண்ணி வராததால உங்களுக்கு என்ன பாதிப்பு?"

"ம்ம்" என்றாள் ஜமுனா.

"அதாவது, முன்ன எவ்வளவு கிடைக்கும், இப்ப எவ்வளவு கிடைக்குது?"

"ம்ம்ம்."

ரோஸ்மேரி எதையோ எழுதிக்கொண்டாள். "மேடம், அவ வாயில பறி கீது" என்றேன். எழுதியதை அடித்துவிட்டாள்.

அரை மணி கழித்து ஜமுனா கரையேறினாள். பறியை எடுத்து, உப்புத் தண்ணீரைத் துப்பினாள். ஒரு கைப்பிடி இறால் இருந்தது. அதையும் பொடி என்றுதான் சொல்ல வேண்டும்.

"இன்னா மேடம்?"

ரோஸ்மேரி கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். படகுக் குப்பங்களுக்குத் தலைவர் துளசிங்கம் வருகிறார், இறால் தடவுகிறவர்கள் சார்பில் ஒரு பெண் வேண்டும் என்றாள்.

"நான் வர்ல மேடம். ஒரு நாளு ஏரிய வுட்டா ஒரு நாளு சோறு போச்சு. வேற யார்னா சோக்கா பேசறவளா பாத்து இட்டுகினு போங்க."

"ஒரே நாள்தான் அக்கா. ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திரா அணைகிட்ட."

ஜமுனா புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"எந்த அணை?"

"நம்ம ஆத்து அணைதான்."

"பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்றாள்.

அந்த அணையில்தான் தங்கவேல் இருந்தார். இறால் வற்றிப்போன வருஷம் ஒரு கான்ட்ராக்டர் மூலம் மதகு ஷட்டர் காவலுக்குப் போனவர். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு ஒரு தடவை, பங்குனிக்கு ஒரு தடவை வருவார், வந்த ஈரம் காய்வதற்குள் போய்விடுவார். அங்கே தகரக் கொட்டகையில் மூன்று ஆண்களோடு தங்கல். ஜமுனா அங்கே போக முடியாது. மகள் இளவரசி பழவேற்காட்டில் பன்னிரண்டாவது படிக்கிறாள். தினமும் ஒரு முறை போன் வரும். "சாப்டியா", "ம்ம்". "பாப்பா சாப்டுச்சா", "ம்ம்". பதினாறு வருஷப் பழக்கம் போனிலும் விடவில்லை.

ஏரிக்குத் தண்ணீர் வராமல் மூடுகிற சக்கரத்தை ஏரிக்காரன் கையே சுற்றுகிறது என்று குப்பத்தில் சிலர் குத்திப் பேசுவார்கள். "ஒம் புருசனாண்ட சொல்லி ரெண்டு சுத்து தொறக்கச் சொல்லேன்" என்பார்கள். போன ஐப்பசியில் ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டர் முழுவதும் திறக்கப் போகிறார்கள் என்று தங்கவேல் சாயங்காலமே போன் செய்தார். அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். துளசிங்கத்தின் ஆட்கள் வலையெல்லாம் அவிழ்த்துக் கரையேற்றினார்கள். மறுநாள் வந்த வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்து, ஒரு மாதம் ஏரிக்கு உயிர் கொடுத்தது. அதன் பிறகு குத்திப் பேசுவது கொஞ்சம் குறைந்தது.

பஸ்ஸில் எல்லோருக்கும் காகிதப் பெட்டியில் புளிசாதம் கொடுத்தார்கள். ஜமுனா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். காலடியில் ஒரு தூக்கு. அதில் இறால் தொக்கு. எட்டு நாள் பிடித்ததில் நல்ல இறாலாக ஒதுக்கி ஒதுக்கிச் சேர்த்து, பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைத்து, விடியற்காலையில் சமைத்தது. அந்த எட்டு நாளும் எனக்குப் பொடிதான் வந்தது. கேட்டதற்கு, "ஏரில அதான் கீது ணா" என்று கண் சிமிட்டாமல் சொன்னாள். நானும் விலை பேசி வாங்கினேன். பஸ்ஸில் மூடி லேசாக விலகி வாசனை வந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

பக்கத்து இருக்கையில் இருந்த வங்கதேசத்து அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. ஐம்பது வயது இருக்கும், நண்டு பிடிக்கிற ஊர்க்காரி. மூக்கை உறிஞ்சி, தூக்கைக் காட்டி, என்னவோ கேட்டாள்.

"இன்னா சொல்லுது?" என்றாள் ஜமுனா.

"ஒரு வாய் கெடைக்குமான்னு கேக்குறாங்கன்னு நெனைக்கிறேன்."

ஜமுனா தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது ஆளுக்குப் போவுதுன்னு சொல்லு ணா. திரும்பறப்ப மிச்சம் இருந்தா தரேன்."

எனக்கு வங்காளம் தெரியாது. கையால் மீசை முறுக்கிக் காட்டினேன். அந்த அம்மா பஸ் அதிரச் சிரித்து, ஜமுனாவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அணையில் இறங்கியபோது தங்கவேல் படிக்கட்டில் நின்றிருந்தார். காக்கிச் சட்டை. ஆள் வெளுத்திருந்தார். உடம்பும் சற்றுப் போட்டிருந்தது. ஏரிக்காரனுக்கு அது நோய் மாதிரித் தெரியும்.

"வந்தியா" என்றார்.

"ம்ம்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குள் அணை அதிகாரி வந்து எல்லோரையும் ஷட்டர் பார்க்கக் கூட்டிப்போனார். தங்கவேல் சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார். ஜமுனா வரிசையில் கடைசியில் நடந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் அணைக்கரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார் தங்கவேல். மரியாதைக்குத்தான் கூப்பிட்டார். நான் மரியாதை தெரியாதவன், போய் உட்கார்ந்தேன். அவர் அணை மீன் குழம்பு வைத்திருந்தார். ஜமுனா ஒரு துண்டு வாயில் போட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, விழுங்கினாள்.

"இன்னாயா இது, மீனா? பஞ்ச ஊற வச்ச மாதிரி கீது."

"நல்ல தண்ணி மீனு. அப்டித்தான் இருக்கும்."

தூக்கைத் திறந்தாள். அவர் உடனே கை வைக்கவில்லை. குனிந்து வாசனையை மட்டும் இழுத்தார். பிறகு ஒரு இறாலை எடுத்துத் தலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"வெள்ள எறா. எங்க தடவுன? தீவாண்டயா?"

"ஆமா. கோரைக்கு அந்தாண்ட."

"சேறு எப்டி கீது அங்க? கறுப்பா, சாம்பலா?"

"கறுப்பு. நாத்தம் வேற."

"வாடைக்காத்து எறங்கிச்சா?"

"இன்னும் இல்ல. கொண்டல்தான் வீசினு கீது, காலைல ஒரு மணி நேரம்."

"ஆமைக்கல்லாண்ட ஆழம்?"

"முட்டிக்குக் கீழ."

"அய்ய" என்றார், யாரோ செத்துப்போன மாதிரி. "கெழக்கால அந்த வெட்டுப் பள்ளம் கீதே, அதுவுமா வத்திப்போச்சி?"

ஜமுனா தட்டை டக்கென்று கீழே வைத்தாள். "நானும் பாக்கறேன், சேறு எப்டி கீது, காத்து எப்டி கீது, பள்ளம் எப்டி கீதுன்னு கேட்டுகினே கீற. ஆறு மாசம் கழிச்சி வந்து குந்திகினு கீறேன். என்ன பத்தி ஒரு வார்த்த கேட்டியா?"

தங்கவேல் அவளைப் பார்த்தார். "ஒன்ன பத்திதானமே இத்தினி நேரமா கேட்டுகினு கீறேன்."

நான் எழுந்து கை கழுவப் போனேன். மரியாதை தெரியாதவனுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் குழாய் பக்கத்தில்தான் இருந்தது.

"வந்துருயா" என்றாள் அவள்.

"வந்து? மொகத்துவாரம் தூந்து கெடக்குது. நாம மூணு பேரு இன்னாத்த துன்றது?"

"தண்ணி வுட்டா தொறந்துக்கும்ல? தொறந்தா எறா உள்ள வந்துரும்ல? அப்ப வருவியா?"

"அடுத்த பஸ்ஸுக்கே வருவேன். ஆனா வுடறது யாரு? சக்கரம்தான் என் கையில. உத்தரவு அவங்க கையில." அணைத் தண்ணீரைக் கையால் காட்டினார். "சாயந்திரத்துல இந்தத் தண்ணில எறங்கித் தடவிப் பாப்பேன் ஜமுனா. கல்லுதான் கெடைக்கும். பக்கத்துல கீறவனுங்க இன்னாய்யா தொலச்சிட்டன்னு கேப்பானுங்க. கைக்கு மறந்துடப் போவுதுன்னு பயமா கீது."

ஜமுனா அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஏரியில் இருந்தவரை அந்தக் கையில் கெளுத்தி முள் கிழித்த கோடு, நண்டு கடித்த தழும்பு, வெடிப்பு, எல்லாம் இருக்கும். இப்போது ஆபீஸ்காரன் கை மாதிரி வழவழவென்று இருந்தது. அவள் அதைக் கீழே விட்டாள்.

பந்தல் போட்டு நடந்த மத்தியானக் கூட்டத்தில் அவள் முன் வரிசையில் போய் உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, சரக்கு வாங்காமல் போகப் போவதில்லை என்று.

அதிகாரி நல்ல மனிதர். படம் போட்டுக் காட்டினார். மேலே இத்தனை ஏக்கர் நெல், இத்தனை ஊருக்குக் குடிநீர், மழை இவ்வளவுதான். துளசிங்கம் எழுந்து, மழைக்காலத்திலாவது ஏரிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றார். அதிகாரி கேட்டார்: "எவ்வளவு வேண்டும்? கன அடியில் சொல்லுங்கள்."

துளசிங்கம் என்னைப் பார்த்தார். நான் ரோஸ்மேரியைப் பார்த்தேன். ஜமுனா எழுந்துவிட்டாள்.

"மொகத்துவாரத்துல இடுப்பளவு."

நான் தெலுங்கில் சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை. "யாருடைய இடுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"என் இடுப்பு" என்றாள் ஜமுனா. "தலைவரு இடுப்புன்னா நான் முழுகிருவேன்."

துளசிங்கம் ஆறடி. பந்தலே சிரித்தது. இது என் வழியாகத் தெலுங்குக்கும் ரோஸ்மேரி வழியாக இங்கிலீஷுக்கும் போய்ச் சேர்ந்தபோது மூன்று தவணையாகச் சிரிப்பு வந்தது. கடைசித் தவணை வங்கதேசத்து அம்மாவுடையது. அவள் எழுந்து வந்து ஜமுனாவின் பக்கத்தில் நின்று இடுப்போடு இடுப்பு ஒட்டி அளந்து காட்டினாள். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். முழங்கால் என்றால் நண்டு, இடுப்பு என்றால் மீன், மார்பு என்றால் வீட்டைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியது. நேபாளத்துக்காரர், தங்கள் ஊரில் தண்ணீரைக் காதால் அளப்பதாகச் சொன்னார். சரிவில் கல் உருளும் சத்தத்தைக் கேட்டு, கீழே எல்லை தாண்டி இருக்கிற ஊருக்குப் போன் செய்வாராம். போனின் அந்தப் பக்கம் இருப்பவரை இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் மகள் கல்யாணத்துக்கு இவர் பணம் அனுப்பியிருக்கிறார்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பேச்சு கனிந்தது. கடைசியில் அதிகாரி, மழைக்காலம் முழுவதும் ஷட்டரை ஒரு சாண் திறந்தே வைக்க மேலிடத்துக்கு எழுதுகிறேன், ஒரு வருஷம் பரீட்சை பார்ப்போம் என்றார். இறாலுக்கும் நண்டுக்கும் பேரம் பேசிப் பழகின நான்கூட இவ்வளவு சீக்கிரம் படியும் என்று நினைக்கவில்லை. ஜமுனா திரும்பி, பந்தல் ஓரத்தில் நின்ற தங்கவேலைப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது.

அப்போது வங்கதேசத்து அம்மா ஒரு கேள்வி கேட்டாள். "திறந்தால் மட்டும் போதுமா? கூடினால் குறைந்தால் கீழே யார் சொல்வது?"

அதிகாரி உற்சாகமாகத் தங்கவேலைக் கூப்பிட்டார். "இவர் சொல்வார். ஏரிக்காரர். போன வருஷமே இவர்தான் சொன்னார்."

எல்லோரும் கை தட்டினார்கள். கீழே இருக்கிற ஊரின் ஆளே மேலே ஷட்டரில்! இலங்கைக்காரர் அதைத் தன் நோட்டில் கட்டம் கட்டி எழுதினார். நேபாளத்துக்காரர் போட்டோ எடுத்தார். தீர்மானம் தயாராயிற்று: ஏரியைச் சேர்ந்த ஒருவர் எப்போதும் ஷட்டரில் இருப்பார். துளசிங்கம் தங்கவேலின் தோளில் தட்டி, "நீ இங்கியே இருடா, ஒன்ன வுட்டா யாரு கீறா" என்றார்.

ஜமுனாவின் முகம் போன போக்கை நான் மட்டும் பார்த்தேன். தண்ணீரைக் கேட்டாள், புருஷன் வருவான் என்று. தண்ணீர் கிடைத்தது. அதற்கு ஈடாகப் புருஷனை எடுத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி வியாபாரத்தை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

அவள் மறுபடி எழுந்தாள். "மேடம், ஒண்ணு கேக்கணும். ஏரிக்காரன் ஒருத்தன் இங்க இருக்கணும், சரி. அது ஏன் எப்பவும் என் வூட்டு ஆளா இருக்கணும்? ஏரில பாடு போடறாங்கல்ல, அந்த மாதிரி இதுக்கும் போடுங்க."

பாடு என்பது முறை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று படகுக் குப்பங்கள் சீட்டுப் போட்டு முடிவு செய்கிற பழைய வழக்கம். நல்ல இடம் ஒருத்தனுக்கே போகக் கூடாது, மோசமான இடமும் ஒருத்தன் தலையிலேயே விழக் கூடாது. இறால் தடவுகிறவர்களுக்கு அதில் இடம் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை.

துளசிங்கம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பாடு பத்தி நீ இன்னாம்மா பேசற? ஒங்களுக்கு ஏது பாடு?"

"அதான் தலைவரே நானும் கேக்கறேன். பாடு இல்லாதவன்தான் ரெண்டு வருசமா இங்க குந்திகினு ஒங்க வலைய காப்பாத்தறான்."

இதை நான் தெலுங்கில் சொல்லும்போது கொஞ்சம் மரியாதை சேர்த்தேன். ரோஸ்மேரி இங்கிலீஷில் சொல்லும்போது சேர்க்கவில்லை போலிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் துளசிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நாலு தேசத்துக்கு முன்னால் சின்னவராகத் தெரிய எந்த ஆறடி ஆளுக்கும் பிடிக்காது.

"சரி" என்றார். "மூணு குப்பம், ஒங்க தெரு. நாலு சீட்டு. வருசத்துக்கு ஒரு சீட்டு."

திரும்பும்போது பஸ்ஸில் ஜமுனா தூக்கைத் திறந்து, மிச்சமிருந்த தொக்கை வங்கதேசத்து அம்மாவுக்குக் கொடுத்தாள். கண்ணை மூடிச் சாப்பிட்டாள் அந்த அம்மா. "மூணு சீட்டு அவங்களுது, ஒண்ணு நம்பளுது" என்று ஜமுனா என்னிடம் விரலைக் காட்டினாள். "நாலுல ஒண்ணு. வராதுல்ல ணா?"

"வராது" என்றேன்.

மேலிடத்து உத்தரவு வந்ததும், புரட்டாசி மூன்றாம் வாரம், காலை பத்து மணிக்கு, குப்பத்து அம்மன் கோயில் முன்னால் சீட்டு எடுத்தார்கள். தடவுகிறவர்கள் தெருவிலிருந்து ஏறக்குறைய எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்கள் பேர் எழுதிய சீட்டு ஒரு பாடுப் பானைக்குள் விழுவது அதுதான் முதல் தடவை. குளித்து, நல்ல துணி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முத்தம்மாள் என்கிற வயதானவள், அது விழுந்த சத்தம் கேட்டதாகச் சொன்னாள். காகிதம் விழுந்தால் என்ன சத்தம் கேட்கும்? ஆனால் கேட்டிருக்கலாம்.

ஜமுனா என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தெருவே அம்மனிடம் நம் சீட்டு வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி வரக் கூடாது என்று வேண்டினாள். அம்மனுக்குப் பெரும்பான்மை முக்கியம்.

முதல் சீட்டே அவர்கள் தெரு.

கூச்சல், விசில். துளசிங்கம் நோட்டைத் திறந்தார். "சரி, ஆளு யாரு? இதுல கேக்க இன்னா கீது, தங்கவேலு. மேல கீறான், வேலயும் தெரியும். இன்னொரு வருசம்." பேனாவை எடுத்தார்.

"வேற யாரும் போவ மாட்டீங்களா?" என்று ஜமுனா தெருக்காரர்களைப் பார்த்துக் கேட்டாள். ஒருவனுக்குக் கைக்குழந்தை, ஒருவனுக்குத் தெலுங்கு தெரியாது, ஒருவன் தரையைப் பார்த்தான்.

"ஆளு இல்லன்னா சீட்டு அடுத்த குப்பத்துக்குப் போவும்" என்றார் துளசிங்கம். குரலில் கெடுதல் இல்லை, விதியைச் சொன்னார். "பாடுல ஒரு தபா வுட்டவனுக்கு மறுபடி சீட்டு கெடயாது. அதான் எல்லாருக்கும் மொற."

முத்தம்மாள் மெல்ல, "ஜமுனா..." என்றாள். சீட்டை விட்டுவிடாதே என்ற மீதியைத் தெரு முழுவதும் சேர்ந்து கண்ணால் சொன்னது.

ஜமுனா மூக்கை முந்தானையால் துடைத்தாள். "எழுதிக்கோ தலைவரே."

"தங்கவேலு..." என்று அவர் எழுத ஆரம்பித்தார்.

"தங்கவேலு இல்ல. ஜமுனா."

பேனா நின்றது.

"இன்னாம்மா வெளயாடறியா? ஷட்டர் சக்கரம் நீ சுத்துவியா?"

"கழுத்துத் தண்ணில நின்னு நாளெல்லாம் தடவறவ நான். ஒரு சக்கரத்த சுத்த மாட்டனா? பொம்பள கூடாதுன்னு எந்தப் பாடுல எழுதி கீது?"

எந்தப் பாடு முறையிலும் எழுதியிருக்கவில்லை. பாடே எங்கும் எழுதப்பட்டதல்ல, வாய்வழக்கம்தான். துளசிங்கம் சுற்றிலும் பார்த்தார். யாராவது ஆட்சேபம் சொன்னால் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். ஆட்சேபம் சொல்கிறவன் தானே போக வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எழுதிக்கொண்டார்.

வீட்டில் இளவரசி சத்தம் போட்டாளாம். "நைனா வர்றதுக்கு நீ போறியா? இது இன்னா பஸ்ஸு சீட்டா, ஒருத்தர் எழுந்தா ஒருத்தர் குந்தறதுக்கு? நைனா வைக்கற கொழம்ப ஒரு வருசம் நான் துன்னணுமா?" அணையில் இப்போது பெண்ணுக்கென்று தனி அறை ஒதுக்கித் தருவதாக அதிகாரி ரோஸ்மேரியிடம் ஒப்புக்கொண்டிருந்தார். "அப்ப நைனாவும் நீயும் அங்கியே இருங்க, நான் ஹாஸ்டல்ல இருக்கேன்" என்றும் பெண் சொல்லிப் பார்த்தாள். ஜமுனா கேட்கவில்லை.

எனக்கும் அது புரியவில்லை. ஐப்பசி பிறந்ததும் என் வேனில் அவளை ஊத்துக்கோட்டை வரை கொண்டுவிட்டபோது கேட்டேன். "உனக்கு வேண்டியது அவரு. அவரு கூடப் போயி இருக்க வழி கெடச்சிது. ஏன் இப்படிப் பண்ண?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். "அவரு கைய பாத்தேன் ணா" என்றாள். வேன் அடுத்த ஊர் தாண்டியதும், "நானும் அங்க போயி குந்திகினா, ரெண்டு பேருமா கல்லத் தடவிகினு இருப்போம். ரெண்டு பேருல ஒருத்தராவது ஏரில இருக்கட்டும்" என்றாள்.

ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாடை இறங்கியிருந்தது. அணைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து தங்கவேல் இறங்கினார். அதே பஸ் கால் மணி நேரம் நின்று திரும்பப் போகும். அதில்தான் அவள் ஏற வேண்டும். டிரைவர் டீ குடிக்கப் போனார். நான் மூன்று டீ வாங்கி வந்தேன்.

தங்கவேல் துண்டின் முடிச்சை அவிழ்த்துச் சாவிக்கொத்தை எடுத்தார். "இது ஷட்டர் ரூமு. இது கைப்புடிப் பூட்டு. சக்கரம் எடப்பக்கமா சுத்துனா தொறக்கும். ஆரம்பத்துல மக்கர் பண்ணும். அடிக்காத, கிரீஸு போடு."

"ம்ம்."

"ஒரு சாண் கோடு போட்டு வச்சி கீறேன், சிவப்புல. அதுக்கு மேல தொறக்கணும்னா மொதல்ல எனக்குப் போன் பண்ணு."

"ஒனக்குத்தான் பண்ணணும். வேற யாருக்குப் பண்ணப் போறேன்." அவள் இடுப்புச் சுருக்கிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். "அரிசி டின்னுல கீது. பாப்பாவுக்கு டியூசன் சனிக்கெழம. தீவாண்ட போகாத, அங்க இன்னும் கறுப்புச் சேறுதான். தண்ணி வந்த அப்பால போ."

"ம்ம்" என்றார் அவர்.

டிரைவர் வந்துவிட்டார். டீயில் பாதி மிச்சமிருந்தது. அவர் அவளுடைய டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றி, ஜன்னல் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். ஜன்னலுக்குக் கீழே நின்றார். அவள் கையை வெளியே நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் கோடுகளும் தழும்புகளும் புதிதாக இருந்தன. அதன் மேல் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார், ஒவ்வொன்றும் எந்தப் பள்ளத்தில் எது கிழித்தது என்று படிக்கிற மாதிரி. பஸ் நகர்ந்து, நாலு எட்டு கூடவே நடந்து, அப்புறம்தான் விட்டார்.

வேனில் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர் பெரியபாளையம் தாண்டும்போது கேட்டார்.

"ஒரு வருசத்துல எத்தினி அமாவாச ணா?"

ஏரிக்காரர்களுக்கு நாள் கணக்கு அப்படித்தான். அமாவாசைக்கு அமாவாசை.

"பன்னண்டு. சில வருசம் பதிமூணு வரும்."

"இந்த வருசம் பன்னண்டா, பதிமூணா?"

காலண்டர் வேனிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதன் பக்கம் திரும்பவில்லை. சரக்கு வாங்கும்போது கண்ணால் பார்க்காமலே எடையைக் குறைத்துச் சொல்லிப் பழகிய வாய் எனக்கு.

"பன்னண்டுதான்" என்றேன்.

"பன்னண்டு" என்று அவர் திருப்பிச் சொன்னார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, வந்த வழியையே பார்த்தார். மேற்கே, அணைப் பக்கம், மழை பிடித்துக்கொண்டிருந்தது.